கரடி மச்சானும் தவளை மாப்பிள்ளையும்

வேல்குமாரோடு ஜோடி சேர்ந்து ஆடத் திருப்பூரில் ஒரு ஈ காக்கா இல்லை. ஆள் தங்கமான ஆள்தான். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், இருபத்தாறு வயது, பீடி சிகரெட் கிடையாது, பேச்சில் ஒரு 'ங்க' குறையாது. ஆனால் லிங்கசாமி கடை மாடிக்குப் போய்க் கையில் ரிமோட்டைப் பிடித்துவிட்டால் போதும், பக்கத்தில் நிற்பது எதிராளியா சொந்த ஜோடியா என்று பார்க்கவே மாட்டான். வீசுவான். விழுகிறவன் விழட்டும் என்று வீசுவான்.

லிங்கசாமி இந்த கேம் கடை வைப்பதற்கு முன்னால் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். கேசட் வாங்க ஆள் வராமல் போனதும் மாடியில் நாலு டிவி, நாலு கேம் பெட்டி வைத்து, ஷிப்ட் முடிந்து வருகிற பையன்களையெல்லாம் வளைத்துப் போட்டுவிட்டார். கார் ஓட்டுகிற கேம் இருந்தது, பந்து உதைக்கிற கேம் இருந்தது. அதையெல்லாம் யார் சீந்தினார்கள்? கூட்டம் முழுக்க ஒரே ஒரு கேமுக்குத்தான். அட்டையில் பெயர் ஜப்பான் எழுத்தில் இருந்தது, எவன் படிக்க? நம்மாட்கள் 'தள்ளுமேடை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

விஷயம் சுலபம். ஆகாயத்தில் ஒரு மேடை மிதக்கும். அதில் இரண்டு ஜோடி. ஆளுக்கு மூன்று உயிர். அடி வாங்கினால் ஆள் சாக மாட்டான், லேசாகிக்கொண்டே போவான். முதல் அடிக்குச் சும்மா நகர்கிறவன், நாலு சாத்து வாங்கிய பிறகு காற்றில் பறப்பான். மேடையை விட்டுக் கீழே போய்விட்டால் ஒரு உயிர் காலி. விழும்போது நடு ஆகாயத்தில் ஒரே ஒரு குதி குதித்து விளிம்பைப் பிடிக்கலாம். அந்தக் குதியையும் செலவழித்துவிட்டால் முருகா முருகா என்று கீழே போக வேண்டியதுதான். இதில் குசும்பு என்னவென்றால், நம் அடி நம் ஜோடி மேலும் படும். அது பையன்கள் வைத்த விதி இல்லை, கேமே அப்படி.

வேல்குமாரின் ஆள் ஒரு கரடி. கையில் உலக்கை. அதைச் சுழற்றினால் பாதி மேடை காலியாகிவிடும். எதிராளி பறந்தால் சரி. இரண்டு வருடமாக அவனுக்கு ஜோடியாக ஆடிய சரவணக்குமாரும் அல்லவா சேர்ந்து பறந்தான்! சரவணக்குமார் அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், கேமில் அவன் ஆள் ஒரு கீரி. எத்தனை தடவைதான் பறப்பான் பாவம்? ஆடி பிறந்த வாரம், கடை நிறைய ஆள் இருக்கும்போது ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

"போதுஞ் சாமி! எதிராளிகிட்ட வாங்குன அடியவிட இவன்றகிட்ட வாங்குன அடிதான் அதிகம். இவன்கூட எவனாலயும் சேந்து ஆட முடியாதுங்க."

சொன்னது ஆட்டத்தைப் பற்றித்தான். ஆனால் வேல்குமாருக்கு அது ஆளைப் பற்றிச் சொன்ன மாதிரியே விழுந்தது. சோற்றில் கை வைத்தால் அந்தப் பேச்சு, துணியில் கத்தி வைத்தால் அந்தப் பேச்சு. இவன்கூடச் சேர முடியாது, இவன்கூடச் சேர முடியாது.

ஆடிப் பதினெட்டு நோம்பியன்று லிங்கசாமி ஜோடிப் போட்டி வைத்திருந்தார். ஜெயிக்கிற ஜோடியின் பெயரைக் கடைச் சுவரில் பெயின்டால் எழுதுவாராம். ஆளுக்கொரு மஞ்சள் டீசர்ட் வேறு. சரவணக்குமார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த சந்தனம் என்ற பையனோடு பெயர் கொடுத்துவிட்டான். வேல்குமார் கட்டிங் டேபிள் தொடங்கி பேக்கிங் வரைக்கும் ஒவ்வொருத்தனாகக் கேட்டுப் பார்த்தான். ஒருத்தனுக்கு அன்றைக்குத்தான் அமராவதி அணைக்குப் போயாக வேண்டும். ஒருத்தனுக்குக் கை சுளுக்கு. இன்னொருத்தன் ஒளிவு மறைவே இல்லாமல், "பயமா இருக்குதுங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டான். சுவரில் பெயர் வராவிட்டால் போகிறது, டீசர்ட்டுக்கா பஞ்சம் திருப்பூரில்? தன் பக்கத்தில் வந்து நிற்க இந்த உலகத்தில் ஒரு ஆள் உண்டா இல்லையா, அதுதான் அவனுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

இந்த லட்சணத்தில் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து இறங்கினார்.

வேல்குமாரின் தங்கை சண்முகப்பிரியாவை வைகாசியில்தான் உடுமலைப்பேட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை திருமூர்த்திக்குக் காற்றாலைக் கம்பெனியில் வேலை. காத்தாடிக் கோபுரத்தின் உச்சிவரை ஏறி ரிப்பேர் பார்க்க வேண்டும். ஆடி பிறந்ததும் வழக்கப்படி பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டி வந்தாகிவிட்டது. நோம்பிக்கு மாப்பிள்ளையை அழைத்து, விருந்து போட்டு, வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து, தனியாகத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஆடி கழிந்த பிறகுதான் பெண் போவாள். மனுஷன் என்ன அவசரத்திலோ இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்.

அம்மா மருதம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் சந்தகை, அது செரிப்பதற்குள் கச்சாயம், மத்தியானம் நாட்டுக்கோழி, பொழுதோட நெய் ஒழுக ஒழுக ஒப்புட்டு. மாப்பிள்ளை எழுந்தால் வீடே எழுந்து நின்றது. அவர் தண்ணீருக்காகக் கண்ணைத் திருப்பினால் மூன்று பக்கமிருந்தும் டம்ளர் வந்தது. அப்பா ஆறுமுகசாமி 'வாங்க', 'சாப்டுங்க', 'சித்தே படுங்க' என்ற மூன்றையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்டாட்டியோடு நாலு வார்த்தை பேசலாம் என்றால் ஆடி மாதமாயிற்றே, பிரியாவைச் சமையலறையை விட்டு வெளியே விட்டால்தானே? மாப்பிள்ளை பட்டு விரித்த நாற்காலியில், கல்யாண வீட்டு வாசலில் வைக்கிற பன்னீர்ச்செம்பு போல உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, அவுருக்குச் சும்மா உக்காந்தா ஆகாது. எங்கியாச்சும் கூட்டிட்டுப் போ" என்று பிரியா அடுப்படியிலிருந்து கிசுகிசுத்தாள்.

மருதம்மாள் அவனை மூலையில் தள்ளி ஆணை பிறப்பித்தாள். "கூட்டிட்டுப் போ. ஆனா பாத்துக்க. மாப்பிள்ளை மூஞ்சி சித்தே கோணுச்சுன்னு தெரிஞ்சுது, உன்ற மூஞ்சிய நாங் கோணலாக்கிப் போடுவேன்."

அவனுக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான். லிங்கசாமி கடை மாடி.

மாப்பிள்ளை முதலில் மூலையில் நின்று கைகட்டி வேடிக்கை பார்த்தார். "ஆடறீங்களா மாப்பிள்ளை?" என்று வேல்குமார் பேச்சுக்குக் கேட்டான். "எனக்கென்னுங் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே ரிமோட்டை வாங்கியவர், ஒரு தவளையைத் தேர்ந்தெடுத்தார். அடேயப்பா! அந்தத் தவளை மேடைக்கு மேலே ஏறுகிறது, கீழே நழுவுகிறது, நாக்கை நீட்டி எதிராளியைச் சுருட்டி இழுக்கிறது, இரண்டு காலையும் சேர்த்து ஓர் உதை விடுகிறது, ஆள் அவிநாசிக்கே போய்விடுகிறான். கடை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

"ஹாஸ்டல்ல ஒரு பையன் இதே பொட்டி வெச்சிருந்தானுங்க மச்சான். படிப்பு முடியற வரைக்கும் இதே பொழப்புங்க" என்று மாப்பிள்ளை வெட்கப்பட்டார்.

வேல்குமார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தான். கேட்கலாமா? கேட்டேவிட்டான். "நாளைக்கு என்றகூட ஜோடி சேருறீங்களா மாப்பிள்ளை?"

"சந்தோசமாங்க!" என்றார் அவர். அந்த 'சந்தோசமாங்க'வில் இரண்டு நாள் ஒப்புட்டு அடைத்துக்கொண்டிருந்த தொண்டை திறந்த மாதிரி இருந்தது.

அப்போது சந்தோஷப்பட்டவன், வீட்டுக்கு வந்து படுத்ததும்தான் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான். முருகா! தன் உலக்கை மாப்பிள்ளை மேலும் படுமே!

நோம்பியன்று ஊரே புதுத் துணியில் இருந்தது. கம்பெனிகளுக்கெல்லாம் லீவு. பிரியாவுக்குத் தாலிக்கயிறு மாற்றி, விருந்து முடித்து, மாப்பிள்ளை புது வேட்டியோடு லிங்கசாமி கடை மாடிக்கு வந்து சேர்ந்தார். பொழுதோட அவர் உடுமலை பஸ் ஏற வேண்டும். அதற்குள் போட்டி முடிந்துவிடும்.

முதல் ஆட்டம் சாயப்பட்டறையில் வேலை செய்கிற அண்ணன் தம்பி இரண்டு பேரோடு. சப்பை ஆட்கள். நம்மவர்கள் ஊதித் தள்ளியிருக்க வேண்டும். நடந்ததைக் கேளுங்கள். கரடி உலக்கையை ஓங்கும். பக்கத்தில் தவளை வந்துவிடும். கரடி உலக்கையை அப்படியே கீழே இறக்கிவிடும். "நீங்க போங்க மாப்பிள்ளை." "இல்லீங்க, நீங்க மொதல்ல." "அட, நீங்க ஊட்டுக்கு வந்த ஒறம்பறை, நீங்க போங்க." இந்த உபசாரம் நடக்கிற நேரத்தில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்று இரண்டு பேரையும் நிதானமாகச் சாத்தினார்கள்.

அது கூடப் பரவாயில்லை. தவளை விட்ட இரட்டைக் கால் உதையில் ஒன்று குறி தப்பிக் கரடி முதுகில் பட்டுவிட்டது. மாப்பிள்ளை பதறிப் போய்விட்டார். கால் பட்டுவிட்டதே! அதுவும் பெண்டாட்டியின் அண்ணன் மேல்! சட்டென்று ரிமோட்டை மடியில் போட்டுவிட்டு, வேல்குமாரின் முழங்காலைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தெரியாமப் பட்டுருச்சுங்க மச்சான், தப்பா நெனச்சுக்காதீங்க." "அய்யய்யோ, அதுக்கென்னுங் மாப்பிள்ளை, உடுங்க" என்று வேல்குமாரும் ரிமோட்டை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். திரையில் கரடியும் தவளையும் அசையாமல் நின்றன. அண்ணன் கரடியைத் தள்ளினான், தம்பி தவளையைத் தள்ளினான்.

மாடி இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. "எலே, இது கேமா, சம்பந்தி மருவாதையா?" என்று சந்தனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான். எப்படியோ கடைசி உயிரில் ஜெயித்தார்கள். அதுவும் தம்பி அவசரத்தில் தானே மேடையை விட்டுத் தாவிவிட்டதால்.

சரவணக்குமார் சிரிக்கக்கூட இல்லை. "இப்புடி ஆடுனா ஒரு ரவுண்டு போவீங்க. உலக்கைய வீசுனா அவுருக்கும் அடி. வீசுலீன்னா ரெண்டு பேருக்கும் அடி. நாஞ் சொன்னனல்லோ?" என்று மட்டும் சொன்னான். வேல்குமாருக்கு முகம் சுண்டிப் போயிற்று.

மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். மாப்பிள்ளை டம்ளரைப் படியில் வைத்துவிட்டு வாய் திறந்தார்.

"மச்சான், ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"நான் வந்து மூணு நாளாச்சுங்க. உங்கூட்டுல அத்தனை பேரும் என்னைய உள்ளங்கையில வெச்சுத் தாங்கறாங்க. ஆனா ஒருத்தராச்சும் எங்கிட்ட நேரா ஒரு வார்த்தை பேசுலீங்க. 'டேய், தள்ளி உக்காரு'ன்னு சொல்ல ஒரு ஆளு இல்லீங்க. எனக்கு மூச்சு முட்டுதுங்க."

வேல்குமார் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். மாப்பிள்ளையே தொடர்ந்தார்.

"காத்தாடி மேல ரெண்டு பேராத்தான் ஏறுவமுங்க. கூட வாரவரு பெரிய இஞ்சினீரு, வயசுல மூத்தவரு. கீழ அவுரு சார், நானு பவ்யமா நிப்பனுங்க. மேல போயிட்டா 'புடி', 'உடு', 'குனி' அவ்வளவுதான். அங்க போயி 'சித்தே குனியறீங்களா சார்'னு நின்னா ரெண்டு பேரும் கீழ விழுந்து ரொட்டிதானுங்க. கேக்கறது இல்ல, சொல்றது மட்டும். அப்புடி ஆடலாமுங்க."

"உங்க மேல உலக்கை பட்டா?"

"படட்டும்! சொல்லிட்டு வீசுங்க. 'உலக்கை'ன்னு ஒரு சத்தம் குடுங்க, தவளை தரையோட படுத்துக்கும். நான் நாக்குல இழுத்துட்டு வாரேன், நீங்க நின்ன எடத்துலயே நின்னு சாத்துங்க. ரெண்டு பேரும் ஒருத்தனையே தொரத்திட்டு ஓட வேண்டாம்."

சரவணக்குமாரோடு ஆடிய இரண்டு வருடத்தில் 'இப்ப வீசறேன்' என்று ஒரு சத்தம் கொடுத்ததாக வேல்குமாருக்கு ஞாபகமே இல்லை. ஒரு வார்த்தை! இவ்வளவுதானா விஷயம்? டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான்.

அரையிறுதியில் எதிரே இரண்டு காலேஜ் பையன்கள். கைவேகம் பார்த்தால் கண் சுற்றியது. தொடங்கியதும் ஒருத்தன் தவளையைத் துரத்தினான். தவளை ஓடவில்லை, நாக்கை வீசி அவனைச் சுருட்டிக்கொண்டு கரடியை நோக்கி வந்தது. "உலக்கை!" என்று வேல்குமார் கத்தினான். கத்தின பிறகுதான் மாப்பிள்ளையாச்சே என்று நினைப்பு வந்தது. தவளை பொத்தென்று படுத்தது. உலக்கை அதன் தலைக்கு மேலே போய்க் காலேஜ் பையனைத் தூக்கியது. பையன் போனான் போனான், திரையை விட்டே போனான்.

"ஆங்ங்!" என்று மாடி முழுக்கச் சத்தம்.

அதன் பிறகு விறுவிறுவென்று போயிற்று. கடைசியில் எதிரே ஒரே ஒரு பையன்தான் மிச்சம். அப்போது தவளை தடுமாறி மேடையை விட்டு வெளியே போயிற்று. இருந்த ஒரு குதியையும் குதித்தாகிவிட்டது. விளிம்பு எட்டவில்லை. கீழே போகிறது. இங்கே ஆட்டத்தின் ஒரு சூட்சுமம்: விழுகிறவனை யாராவது ஓர் அடி அடித்தால் செலவான குதி திரும்பக் கிடைக்கும். யார் அடித்தாலும் சரி. அதாவது மாப்பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் மாப்பிள்ளையை அடித்தாக வேண்டும். உலக்கையிலிருந்து தப்பித்துப் படுக்க அங்கே தரையும் இல்லை.

வேல்குமாரின் கட்டைவிரல் பட்டன் மேலேயே நின்றது. அம்மாவின் முகம் கண்முன் வந்தது.

"அடிடா வேலு!" என்று மாப்பிள்ளை அலறினார்.

'டா'வா! வேல்குமாருக்கு உச்சிமுதல் உள்ளங்கால்வரை ஜிலீரென்று இருந்தது. கரடி விளிம்பிலிருந்து பாய்ந்து, விழுந்துகொண்டிருந்த தவளையைக் கீழிருந்து மேலாக உலக்கையால் ஒரே போடு. தவளை சுழன்று மேலே வந்தது, கிடைத்த குதியைக் குதித்தது, மேடையில் வாயைப் பிளந்து நின்ற காலேஜ் பையன் முகத்தில் இரண்டு காலையும் வைத்தது. முடிந்தது ஆட்டம்.

"மாப்பிள்ளைய அடிச்சுட்டாண்டோய்!" என்று கூட்டத்தில் யாரோ கூவினார்கள். கடைக்குக் கீழே பலகாரக் கடை வைத்திருந்த சுப்பண்ணன் காதில் அது விழுந்தது. சுப்பண்ணன் வேல்குமார் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அவர் எங்கே ஓடினார் என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

கடைசி ஆட்டம் சரவணக்குமாரோடும் சந்தனத்தோடும். சரவணக்குமாருக்குக் கரடியின் நாடி நரம்பெல்லாம் அத்துப்படி. அவன் கீரி எப்போதும் தவளைக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. வீசினால் மாப்பிள்ளை மேல் படும், வீச மாட்டான் என்ற தைரியம். "உலக்கை!" தவளை படுத்தது, கீரி பறந்தது. சரவணக்குமார் நம்பாமல் திரும்பி மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தான். மாப்பிள்ளை வேட்டியை முட்டிக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, "இடது! பின்னாடி! உடு அவன!" என்று கத்திக்கொண்டிருந்தார். மருதம்மாள் பார்த்திருந்தால் இவர்தான் மாப்பிள்ளை என்று சத்தியம் செய்தாலும் நம்பியிருக்க மாட்டாள்.

கேமில் சந்தனத்தின் ஆள் ஒரு தகர பொம்மை, அது சாமானியப்பட்டதில்லை. தவளையின் இரண்டு உயிரைத் தின்றது, கரடியின் இரண்டு உயிரைத் தின்றது. பிறகு தவளை அதை நாக்கால் மேடைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய், தான் மட்டும் குதித்து மேலே வந்துவிட்டது. "யம்மா! போச்சுடே!" என்று சந்தனம் ரிமோட்டை வைத்துவிட்டான்.

மிச்சம் மூன்று பேர். கரடிக்கு ஓர் உயிர், தவளைக்கு ஓர் உயிர், கீரிக்கு ஓர் உயிர். மூன்று பேரும் அடி வாங்கி வாங்கிப் பஞ்சாகக் கிடந்தார்கள், தும்மினால் பறந்துவிடுவார்கள். இரண்டுக்கு ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். சரவணக்குமார் என்ன லேசுப்பட்டவனா? கீரி மின்னலாக ஓடியது. உலக்கைக்கு முன்னால் நிற்கவே இல்லை. இரண்டு தடவை உலக்கை காற்றைத்தான் அடித்தது. இரண்டாவது தடவை தவளை மயிரிழையில் தப்பியது.

சரவணக்குமார் ஆடிக்கொண்டே பேசினான். "இன்னொருக்கா வீசு வேலு. உன்ற ஜோடிய நீயே தள்ளுவே. எனக்குத் தெரியாதா?"

வேல்குமாருக்குக் கோபம் வரவில்லை. அவன் சொல்வது நிஜம்தான், இப்போது வீசினால் தவளைதான் முதலில் போகும். இத்தனை நாளில் முதல் தடவையாக அவன் உலக்கையைக் கீழே போட்டான். கரடி வெறுங்கையோடு ஓடிப்போய், விளிம்பில் திரும்பிக்கொண்டிருந்த கீரியை ஒரே பிடியாகக் கட்டிப் பிடித்துக்கொண்டது. கரடிப் பிடி! அதிலிருந்து திமிறி வரக் கொஞ்ச நேரம் ஆகும். ஆனால் கட்டிப் பிடித்த கரடியால் வேறொன்றும் செய்ய முடியாது. தள்ளவும் முடியாது. வேறு யாராவதுதான் வந்து இரண்டு பேரையும் சேர்த்து உதைக்க வேண்டும்.

'ஒதைங்க மாப்பிள்ளை' என்று சொல்வதற்காக வேல்குமார் வாயைத் திறந்தான். மூடுவதற்குள் பறந்துகொண்டிருந்தான்.

இரட்டைக் கால்! தவளையின் இரண்டு காலும் கரடியின் நடு முதுகில்! கரடியும் அதன் கையிலிருந்த கீரியும் கட்டிப் பிடித்தபடியே, சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி, சேர்ந்தாற்போல் திரையின் ஓரத்துக்குப் போய்ச் சிறு புள்ளியாகி மறைந்தார்கள். மேடையில் தவளை மட்டும் தன்னந்தனியாக நின்று கொட்டாவி விட்டது.

இரண்டு வருடமாக ஊரிலுள்ளவனையெல்லாம் தள்ளிவிட்டவன், சொந்த ஜோடியிடம் உதை வாங்கி விழுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டான். எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? அப்படியே தித்தித்தது! அவர் யோசிக்கவில்லை, தயங்கவில்லை, மச்சான் என்ன நினைப்பானோ என்று பார்க்கவில்லை. இவன் நம்மாள், உதைக்கலாம், இவன் அதற்குத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று தெரிந்து உதைத்தார். வேல்குமார் நாற்காலியை விட்டு எகிறிக் குதித்து மாப்பிள்ளையைத் தூக்கியேவிட்டான். வேட்டி அவிழ்ந்தது. யாருக்கு அக்கறை?

சரவணக்குமார் வந்து கை கொடுத்தான். "நல்லா ஆடுனே வேலு. உலக்கையக் கீழ போடுவேன்னு நான் கனவுலகூட நெனைக்கல" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டான்.

மஞ்சள் டீசர்ட்டை மாட்டிக்கொண்டு, தோளில் கை போட்டுக்கொண்டு, வழியெல்லாம் அந்த உதையைப் பற்றியே பேசிச் சிரித்துக்கொண்டு இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தால், வாசலில் ஒரு கூட்டம். பெரியப்பா, சித்தப்பா, எதிர்வீட்டு மயிலாள் அக்கா, நடுவில் சுப்பண்ணன். மருதம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். முதலில் 'உங்க பையன் மாப்பிள்ளைய ஒலக்கையில அடிச்சுப் போட்டானுங்க' என்று சொல்லியிருக்கிறார் சுப்பண்ணன். ஓடிப்போய் மறுபடி ஒரு சேதி கொண்டுவந்திருக்கிறார்: 'மாப்பிள்ளை திருப்பி ரெட்டக் கால்ல ஒதச்சுப் போட்டாருங்க.' சமாதானம் பேசுவதற்காகத்தான் பெரியப்பா வந்திருந்தார்.

மருதம்மாள் மாப்பிள்ளையைக் கண்டதும் கண்ணீர் விட்டுவிட்டாள். "நாங்க என்னுங் கொறை வெச்சோம்? ஒப்புட்டுக்கு நெய்யி பத்துலீங்களா? கோழியில உப்புக் கூடிப்போச்சுங்களா? அவன் அறிவுகெட்ட பய, அவஞ் செஞ்சதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறனுங்க மாப்பிள்ளை."

"அத்தை, அதெல்லாம் டிவிக்குள்ளீங்க!"

"டிவிக்குள்ள எதுக்குங்க ஒலக்கை?"

வேல்குமார் சொல்ல ஆரம்பித்தான், கரடி, தவளை, மேடை, குதி என்று. பெரியப்பாவுக்குத் தலை சுற்றியது. கடைசியில் பிரியாதான் சமையலறையை விட்டு வெளியே வந்து, அத்தனை பேருக்கும் முன்னால் புருஷனைப் பார்த்து, "எங்கண்ணன நெசமாலுமே ஒதச்சீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா பிரியா, நடு முதுகுல" என்றார் மாப்பிள்ளை.

"ஆமா பிரியா, நடு முதுகுல!" என்று வேல்குமாரும் பல்லெல்லாம் தெரியச் சொன்னான். பிரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அவளைப் பார்த்து மயிலாள் அக்கா சிரித்தாள், பிறகு அப்பா ஆறுமுகசாமியே சிரித்துவிட்டார்.

சிரித்து ஓய்ந்ததும் மாப்பிள்ளை பையை எடுத்துக்கொண்டார். உடுமலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "போயிட்டு அடுத்த ஞாயித்துக்கெழமை வாரனுங்க அத்தை" என்றார்.

மருதம்மாளுக்கு மறுபடியும் தூக்கிவாரிப் போட்டது. "மாப்பிள்ளை! ஆடி முடியாம மாமியா ஊட்டுக்கு வரப்போக இருந்தா நாலு பேரு என்னுங் சொல்லுவாங்க? ஆகாதுங்களே!"

"நான் மாமியா ஊட்டுக்கு வரலீங்க அத்தை" என்று மாப்பிள்ளை செருப்பை மாட்டினார். "வேலுகூட ஆட வாரேன்."

வேல்குமார் அவர் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை. "சும்மா வாடா" என்று அவன் கழுத்தில் கையைப் போட்டு இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.